வாசனை இல்லாத புட்டி

துணி துவைப்பதில் என்னைக் குறை சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை, மேடம். சட்டைக் காலர் அழுக்குக்கு மெஷினை நம்பக்கூடாது, கையால்தான் கசக்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தனை பேர் துணியும் என் தலையில்தான் விழுந்தது. சோப்புத்தூளில் ஊறி ஊறி விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். "எண்ணெய் தடவிக்கோ, சரியாப் போயிடும்" என்றார் மாமியார். என் கணவர் அதைக்கூடச் சொல்லவில்லை.

பிறகு கொழுந்தனுக்குக் குழந்தை பிறந்தது. அதன் கழுத்தில் நாலு தடிப்பு கண்டதும் வீடே அல்லோலகல்லோலப்பட்டது. கொழுந்தன் மனைவி படித்தவள். எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் பின்பக்கத்தைப் படிக்காமல் கீழே வைக்கமாட்டாள்.

"அக்கா, இதுல வாசனைன்னு மட்டும் போட்டிருக்கான் பாருங்க. என்ன கலந்தான்னு சொல்லவே இல்ல. இந்த விஷத்தையா இத்தனை நாளா தொட்டீங்க?"

என் கையைப் பார்க்காமலேதான் கேட்டாள்.

மறுநாளே விலை உயர்ந்த திரவ சோப்பு வந்தது. வாசனை இல்லை, சாயம் இல்லை. உள்ளே இருந்தது அத்தனையும் லேபிளில் வரிசையாக அச்சாகியிருந்தது. "குட்டி துணிக்கு மட்டும்தான் அக்கா" என்றாள். என் கைக்குப் பழைய தூளே போதும் என்று முடிவாகிவிட்டது.

அந்தப் புட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். தெருமுனைக் கடையில் தரைக்கும் துணிக்கும் சேர்த்துக் கேனிலிருந்து அளந்து ஊற்றும் மலிவுச் சோப்பை வாங்கி நிரப்பினேன். அவள் மோப்பம் பிடித்துவிடக்கூடாதே என்று வாசனை கலக்காததாகக் கேட்டு வாங்கினேன்.

தடிப்பு முதுகெல்லாம் பரவியது. யாரும் துணியைச் சந்தேகப்படவில்லை, லேபிள்தான் அவ்வளவு யோக்கியமாக இருந்ததே. அவள் முட்டையை விட்டாள், மீனை விட்டாள். "கண்டதையும் தின்னுட்டுப் பால் குடுத்தா இப்படித்தான் ஆகும்" என்று மாமியார் கரித்துக்கொட்டினார். அவள் அழுதாள். எனக்கு வயிறு குளிர்ந்தது. டாக்டர் கொடுத்த களிம்பில் தோல் ஆறத் தொடங்கியது. அன்றிலிருந்து குழந்தைத் துணியை அலசுவதை நிறுத்தினேன். சோப்போடு அப்படியே பிழிந்து உலர்த்தினேன்.

நேற்று அவளே அந்தப் புட்டியை எடுத்துக் கை கழுவியிருக்கிறாள். எரிந்திருக்கிறது. போலீசில் புகார் கொடுத்திருக்கிறாள். அப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள்.

குழந்தை தோலுரிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, என்ன கலந்ததென்று தெரிந்தால்தான் வைத்தியம் பார்க்கமுடியும் என்கிறீர்கள். நான் எதையும் மறைக்கவில்லை, மேடம். அந்தக் கேனில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. விற்றவருக்கே தெரியாததை என்னிடம் கேட்டால் எப்படி?

ஊற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் ஆத்திரமெல்லாம் அவள்மீது மட்டும்தான். குழந்தை என்றால் எனக்கு உயிர். அதனால்தான் கடைசிவரை அதன் துணியை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.