விழுவதே முதல் பாடம்

— இன்னிக்கு நான் உன்னைப் பிடிக்கப்போறதில்ல, குருவி.

— விளையாடாதீங்க. காலங்காத்தால காலிக் கூடாரத்துக்குக் கூட்டிட்டு வந்து, இவ்ளோ உயரம் ஏத்திவிட்டுட்டு, பிடிக்க மாட்டேன்னா? இந்த சர்க்கஸ்ல பிடிக்கறவர் நீங்க ஒருத்தர்தானே? வழுக்காம இருக்கக் கையில பவுடர்கூடப் பூசிட்டேன்.

— பவுடர் நீயா பூசிக்கிட்டது. பழக்க தோஷம்.

— அப்ப எதுக்கு ஏறச் சொன்னீங்க?

— விழறதுக்கு.

— என்னது?

— ஊஞ்சல் பாரைப் பிடிச்சு ஒரு ஆட்டம் ஆடு. நடுவுக்கு வந்ததும் கையை விட்டுடு. கீழ வலை இருக்கு. தீர்ந்துது கதை.

— கதை தீரும், என் கதை! அந்த வலையை நம்பியா விடச் சொல்றீங்க? அது வெறும் கண்துடைப்பு. டிக்கெட் வாங்கினவங்க பயப்படக் கூடாதேன்னு கட்டறது. அதுல விழுந்தா அறுந்துடும், முதுகெலும்பு மூணா முறியும்.

— யார் சொன்னது?

— பழைய சர்க்கஸ்ல என்னைப் பிடிச்ச மாஸ்டர்.

— டேய், மேல என்னடா பஞ்சாயத்து? வலையை இழுத்துக் கட்டிட்டு, கழுத்து சுளுக்க அண்ணாந்து நிக்கறேன். ரெண்டு பேர்ல ஒருத்தனாவது விழுந்து தொலைங்கடா!

— இரு அக்கா. உன் வலை அறுந்துடும்ங்கறான்.

— எது, நான் கட்டின வலையா? நம்ம கோமாளி, அந்தக் கட்டை மாடு, தினம் இதுல பொத்துன்னு விழுந்து பல்லைக் காட்டிட்டு எழுந்திரிக்கறான். அவனுக்கே அறுகல. கோழி இறகு மாதிரி இருக்கற உனக்கா அறுந்துடும்? நீ பார்த்ததே இல்லையாடா?

— அவர் விழறப்பல்லாம் நான் கண்ணை மூடிக்குவேன்க்கா.

— சரியாப் போச்சு!

— உங்க அக்காவுக்குக் கோவம் வந்துடுச்சு.

— அவளுக்குக் கோவம் வந்தா வாய் மட்டும்தான் நீளும், கை நீளாது. பயப்படாத. ஒண்ணு கேக்கறேன். எங்க போனாலும் முதல் பாடம் விழறதுதான். முதுகு முதல்ல படணும், தாடை நெஞ்சோட ஒட்டணும், கை குறுக்க. இது வந்த பிறகுதான் பாரைத் தொடவே விடுவாங்க. உனக்கு யாரும் சொல்லித் தரலையா?

— 'உனக்கெதுக்கு செல்லம் அந்தப் பாடம், நான்தான் இருக்கேனே'ன்னார். எடுத்த எடுப்புலயே பறக்கவிட்டார். மத்தவங்கல்லாம் தரையில உருண்டு பழகிக்கிட்டு இருக்க, நான் மட்டும் நேரா அவர் கையில. தலைகால் புரியல எனக்கு. அப்பவே எனக்கு இருபத்திநாலு வயசு, மீசை வெச்ச ஆம்பளை. ஒரு கேள்வி கேக்கத் தோணலையே.

— அவன் கை நழுவினதே இல்லையா?

— நழுவாது. சில நாள் ஒரு கையை எடுத்துடுவார்.

— வேணும்னேயா?

— முந்தின நாள் யார்கிட்டயாவது சிரிச்சுப் பேசியிருப்பேன். இல்ல, தலைவலின்னு சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பேன். மறுநாள் ஒத்திகையில ஒத்தக் கையில தொங்கவிட்டுட்டுக் கேப்பார். 'செல்லம், உன்னை யார் பிடிச்சிருக்கா?' 'நீங்கதான் மாஸ்டர்.' 'விட்டா?' 'செத்துடுவேன் மாஸ்டர்.' அதுக்கப்புறம்தான் இன்னொரு கை வரும். கீழ இறங்கினதும் மணிக்கட்டுக்கு அவரே மருந்து தடவுவார். தடவிக்கிட்டே அழுவார். அந்த அழுகைக்காகத்தான் இன்னும் கொஞ்ச காலம் இருந்தேன். தொங்கவிட்ட கைதான்னு தெரியும். ஆனா அழற கையை எப்படி உதறறது?

— கையைக் காட்டு… இல்ல, வேண்டாம். உனக்கா காட்டணும்னு தோணினா காட்டு.

— தினமும்தான் பார்க்கறீங்களே.

— பார்ப்பேன். கேட்டதில்ல.

— குருவி! உன் ஃபோன் இங்க கத்துதுடா. மாஸ்டர்னு பேர் வருது. எடுத்து நாலு வார்த்தை நல்லதா சொல்லட்டுமா?

— ஐயோ, வேண்டாம்க்கா!

— திரும்ப வரச் சொல்றானா?

— பழைய இடம் காலியாத்தான் இருக்குன்னார். இங்க நானும் ஏறி ஏறி இறங்கிக்கிட்டே இருக்கேன். நீங்க எதிர்ல கையை நீட்டினாலே என் கை பாரை விட மாட்டேங்குது. தப்பு உங்க கை மேல இல்ல. ஆனா குதிக்க முடியாதவனுக்கு எந்த சர்க்கஸ்காரன் சோறு போடுவான்? இன்னிக்கும் முடியலேன்னா சாயங்காலம் பஸ் ஏறிடலாம்னு பையைக் கட்டிட்டேன்.

— தெரியும். அக்கா பார்த்துட்டா.

— தெரிஞ்சுமா தடுக்கல?

— தடுத்தா அதுவும் ஒரு பிடிதானே? போறதா இருந்தா போ. விழத் தெரிஞ்சவனாப் போ.

— …முதல்ல நீங்க விழுங்க.

— அப்படி வா வழிக்கு. தாடையைக் கவனி, என்ன?

— அம்மாடி! மெதுவா விழுடா தடியா, வலை கட்டினவளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

— பார்த்துக்கோ குருவி! வலையும் பிழைச்சிருக்கு, நானும் பிழைச்சிருக்கேன்.

— பார்த்தேன். ஓரமா போங்க. மூணு வரைக்கும் எண்ணுங்க!

— எண்ண மாட்டேன். உனக்கு எப்ப விடத் தோணுதோ அப்ப விடு.

— தோணவே இல்லேன்னா?

— சும்மா ஊஞ்சல் ஆடிட்டு இறங்கி வா. டீ குடிக்கப் போலாம்.

— போறதா இருந்தா எனக்கும் ஒண்ணு சொல்லுங்கடா.

— அக்கா, ஷ்ஷ். ஆடறான்.

— ஐயோ, விட்டுட்டான்டா!

— தாடை! தாடையை நெஞ்சோட…

— விழுந்துட்டான். முதுகு சரியாத்தான் பட்டுது. குருவி? டேய், கண்ணைத் திற! என்னடா, அழறானா?

— இல்லக்கா. சிரிக்கறான்.

— மெத்தை மாதிரி இருக்குக்கா! தூக்கித் தூக்கிப் போடுது. இத்தனை காலமும் கீழ இதுதான் இருந்துச்சா?

— எல்லா ஊர்லயும் இதேதான்டா கண்ணு.

— அங்கயும் கட்டியிருந்துச்சு. தினமும் மேல இருந்து பார்த்திருக்கேன். அவன் விட்டிருந்தா இதுல வந்து விழுந்திருப்பேன். அவ்வளவுதான். சாகறதாவது! எப்பேர்ப்பட்ட பொய் சொல்லியிருக்கான் பாருங்களேன்!

— அக்கா, காதுல விழுந்துச்சா? 'அவன்'ங்கறான்.

— விழுந்துச்சு, விழுந்துச்சு. இந்தா, ஃபோன் மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. என்ன பண்ண?

— விடுங்கக்கா. அடிச்சு ஓயட்டும். நீங்க என் பையை அவுத்து ஒரு துண்டு எடுத்துட்டு வரீங்களா? வேர்த்துக் கொட்டுது.

— பையை அவுக்கறதுக்கா? ஓடியே போறேன். ரெண்டு பேரும் புரண்டு என் வலையைக் கிழிச்சு வெக்காதீங்க!

— போயிட்டா. சரி, வா, மேல போலாம். இப்ப நான் பிடிக்கவா?

— வேண்டாம். இன்னொரு தடவை விழணும். அப்புறம் இன்னொரு தடவை.

— ஆசைதான்! உன் இஷ்டம், நான் ஓரமா போய்க் காத்திருக்கேன்.

— இரு… போகாத. ஒண்ணு சொல்லணும்.

— சொல்லு.

— எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு.

— நான் உன்னை இன்னும் ஒரு தடவைகூடப் பிடிக்கவே இல்லையே, குருவி.

— அதனாலதான்.