கேமராவுக்கு ஒத்து வராத நாய்

— ஃப்ளாஷை அணைச்சுத் தொலை தம்பி! அது மூஞ்சியைச் சுருக்கிக்கிட்டு செவுத்துக்குள்ளயே புகுந்துடும் போல இருக்கு.

— அணைச்சா ஒண்ணுமே விழ மாட்டேங்குது அண்ணி. சத்தியமா. இந்தாங்க, நீங்களே பாருங்க. நாய் எங்க இருக்கு இதுல? வெள்ளைப் பெட்ஷீட்ல யாரோ நாய் வடிவத்துல கறுப்பா ஓட்டை போட்ட மாதிரி இருக்கு.

— கண்ணு?

— கண்ணும் ஓட்டைக்குள்ள போயிடுச்சு. பல் டாக்டர் சொன்னது சரிதான் போல.

— என்ன சொன்னார்?

— போன ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லேப்ல டியூட்டி, நீங்க வரல. நம்ம கும்பல் மொத்தமும் கேமராவைத் தூக்கிக்கிட்டு இந்த நாய்க் காப்பகத்துக்கு வந்திருந்தது. அந்த வெள்ளைக் குட்டிக்கு முன்னாடி மட்டும் எட்டுப் பேர் மண்டி போட்டாங்க. பல் டாக்டர்தான் பெரிய மனசு பண்ணி இதுகிட்ட வந்தார். குப்புறப் படுத்து, உருண்டு, பொரண்டு, சட்டையெல்லாம் சேறு. கடைசில எந்திரிச்சு, ‘இது கேமராவுக்கு ஒத்து வராத நாய்’னு சொல்லிட்டு லென்ஸை மூடிட்டார்.

— ஒத்து வராத நாயா?

— கெட்ட மனசோட சொல்லல அண்ணி. வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

— வருத்தப்பட்டா சரியாப் போச்சா? அவர் கேமராதான் இந்த நாய்க்கு ஒத்து வரலன்னு ஏன் தோணல அவருக்கு?

— அப்படிப் போடுங்க. அதோ காப்பகத்து அக்கா வர்றாங்க. கரண்டியோட வர்றாங்க, பாத்து.

— என்ன கண்ணுங்களா, ஆச்சா? இருபது நாய் தட்டை வச்சுக்கிட்டு வெளிய கத்துது. நீங்க ரெண்டு பேரும் இந்த ஒத்தை நாயோட தீவன ரூமுக்குள்ள பூந்து இன்னும் வெளிய வரல.

— ஆகலக்கா. நாளைக்குக் காலையில வண்டி வர்றது நெசந்தானா?

— நெசந்தான் தம்பி. ரொம்ப நாளா யாரும் எடுத்துட்டுப் போகாத ஆறு நாயை ஊருக்கு வெளிய இருக்கிற பெரிய கொட்டகைக்கு ஏத்தச் சொல்லி கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. இடம் இல்ல, அவங்களும் என்ன பண்ணுவாங்க. உங்க கும்பல் எடுத்த படத்தைப் போட்டு அஞ்சுக்கு ஆள் கெடைச்சிருச்சு. இவன்தான் மிச்சம்.

— அந்தக் கொட்டகைக்கு நாய் பாக்க யாராவது வருவாங்களாக்கா?

— சாப்பாடு போடுறவன் வருவான் கண்ணு. வேற யாரு வருவா?

— இங்கயும் இவனை யாருமே கேக்கலயா?

— எங்க கேக்கறது? படத்தைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் வர்றாங்க. வந்தவங்களும் இவன் கூண்டைக் காலின்னு நெனச்சுத் தாண்டிப் போயிடுவாங்க. கடைசிக் கூண்டு, இருட்டு. இவன் குரைக்கவும் மாட்டான். குரைக்காத நாய்தானே, கடைசில போட்டா கோவிச்சுக்க மாட்டான்னு நான்தான் அங்க போட்டேன்.

— அக்கா, இதைப் பாருங்க. ஃபோன்ல தட்டி கொஞ்சம் வெளுத்திருக்கேன். இப்ப தெரியுதா?

— யாரு கண்ணு இது? சாம்பல்ல பொரண்டு எந்திரிச்ச நரி மாதிரி இருக்கு.

— அழி அதை.

— அண்ணி, மூஞ்சியாவது தெரியுதுல்ல...

— அழின்னேன்ல தம்பி!

— ஐயோ, அழிச்சிட்டேன், அழிச்சிட்டேன். எதுக்கு இப்படிச் சீறுறீங்க? நாயே பயந்துடுச்சு பாருங்க.

— அந்த மூஞ்சியைப் பாத்துட்டு ஒருத்தர் ஆசையா வருவார். நேர்ல பாப்பார். அப்புறம் அவர் மூஞ்சி மாறும். அதை இவன் பாக்கணுமா? வேணாம். அக்கா, அந்த மூட்டைக்கெல்லாம் பின்னாடி என்ன இருக்கு? கோடு மாதிரி வெளிச்சம் வருதே.

— ஜன்னல்தான். தீவன மூட்டையை அடுக்கினதுல இருந்து அதை யாரும் தொறக்கல.

— தம்பி, எறக்கு.

— எல்லாத்தையுமா? அண்ணி, நான் காலையில பள்ளிக்கூடப் பிள்ளைங்களை வேன்ல ஏத்தி எறக்கி, பையைத் தூக்கி, முதுகு கழண்டு வந்திருக்கேன்.

— பாதி எறக்கினா பாதி ஜன்னல்தான் தொறக்கும். தூக்கு ராசா. நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன். அந்தப் பெட்ஷீட்டையும் உருவு. அங்க மடிச்சு வச்சிருக்கிற பழைய சாக்கை விரிச்சு மாட்டு.

— கறுப்பு நாய்க்குப் பின்னாடி கறுத்துப்போன சாக்கா? இருட்டுக்கு இருட்டு துணையா? எனக்குப் புரியல.

— நான் லேப்ல தினமும் கண்ணாடித் துண்டுல ரத்தம் தடவி வச்சுப் பாக்கறேன்ல. கையில வச்சுப் பாத்தா வெறும் கறைதான். மைக்ராஸ்கோப்புல வச்சு வெளிச்சத்தைக் கொட்டினோம்னு வை, எல்லாம் வெளுத்துப் போயி அப்பவும் ஒண்ணும் தெரியாது. குறைச்சுக் குறைச்சு வரணும். ஒரு எடத்துல வந்து நிக்கும் பாரு, அப்ப ஒவ்வொண்ணும் தனித்தனியா எந்திரிச்சு வரும். புதுசாப் பாக்கறவங்க மூச்சை விட மறந்துடுவாங்க. இவனுக்கும் அப்படி ஒரு எடம் இருக்கும். இருந்தே ஆகணும்.

— இல்லன்னா?

— மூட்டையைத் தூக்கு.

— தூக்கறேன், தூக்கறேன். அப்பாடா! இந்தத் தாப்பாள் துருப்பிடிச்சுக் கெடக்கு. அக்கா, அந்தக் கரண்டியைக் குடுங்க. ரெண்டு தட்டு... ஆ! வந்துடுச்சு. கண்ணு கூசுது.

— சாயங்கால வெயில். நேரா அடிக்கல, பக்கத்துல இருந்து சாஞ்சு விழுது. இதுதான்! தரையைப் பாரு தம்பி, பாய் விரிச்ச மாதிரி.

— வெயில் சரி. நாய் மூலையில இருக்கே. டேய், இங்க வாடா! பந்து பாரு! ம்ச், ம்ச், ம்ச்!

— அவனைக் கூப்பிடாத.

— பின்ன எப்படி வருவான்?

— அவன் வரும்போது வரட்டும். கேமராவை எங்கிட்ட குடுத்துட்டு நீ உக்காரு. அக்கா, நீங்களும் உக்காருங்க.

— எனக்கு அடுப்புல வேலை இருக்கு கண்ணு.

— சித்த நேரம்க்கா.

— சரி, உக்காந்தாச்சு. ஆமா, இப்படி நான் உக்காந்தே எத்தனை நாளாச்சு.

— அண்ணி, பத்து நிமிஷமா அது அசையவே இல்ல.

— அசையுது. காதைப் பாரு.

— காதா? எனக்கு மூலையில இருட்டுத்தான் தெரியுது.

— மெதுவாப் பேசு தம்பி. தூசியைப் பாக்குது. வெயில்ல தூசி பறக்குதுல்ல, அதையே பாத்துக்கிட்டு இருக்கு.

— அம்மாடி, ஆமா கண்ணு. தலையைத் தூக்கிட்டான்.

— கடைசிக் கூண்டுல வெயில் வருமாக்கா?

— வராது கண்ணு. அந்தப் பக்கம் செவுரு.

— எந்திரிச்சுட்டான் அண்ணி. வர்றான். இல்ல, நின்னுட்டான். என்ன பண்றான்? தரையை மோந்து பாக்கறானா?

— தரையை இல்ல. வெயிலை மோந்து பாக்கறான்.

— ஒத்தைக் காலை மட்டும் வெளிச்சத்துக்குள்ள வைக்கிறான். எடுத்துட்டான். மறுபடியும் வைக்கிறான். குளத்துல தண்ணி எவ்வளவு சில்லுன்னு இருக்குன்னு பாக்கற மாதிரி... அண்ணி. அண்ணி! அந்தக் காலைப் பாருங்க. அது செம்பு நெறம்!

— தெரியுது. பேசாத.

— உள்ள வர்றான்.

— அம்மாடி...

— அடேங்கப்பா. அண்ணி, என்ன இது? கழுத்துல நீலம் ஓடுது. சும்மா சொல்லல, மயில் கழுத்துல பாத்திருக்கேன் அந்த நீலத்தை.

— முதுகைப் பாரு. மழை நின்ன ஒடனே தார் ரோடு இருக்குமே, வானத்தையே மேல போத்திக்கிட்டு.

— காதோரமா மயிர் ஒவ்வொண்ணும் தனித்தனியா எரியுது. கண்ணு தேன். கண்ணு தேன் அண்ணி! இவ்வளவு நேரம் எங்க இருந்தது இந்தக் கண்ணு?

— அங்கயேதான் இருந்தது.

— எடுங்க. எடுங்க அண்ணி, எதுக்குக் கேமராவைக் கீழ எறக்கறீங்க? போயிடப் போகுது!

— ஒரு நிமிஷம் தம்பி. மொதல்ல நான் பாத்துக்கறேன்.

— வெயிலைப் பாத்து மூஞ்சியைத் தூக்கறான். கண்ணை மூடிக்கிட்டான். தொறக்கறான்... இப்ப!

— எடுத்துட்டேன்.

— ஒண்ணுதானா?

— ஒண்ணு போதும். இந்தா, பாரு.

— அவனேதான் அண்ணி, அப்படியே வந்திருக்கான். அக்கா, நீங்க பாருங்க.

— குடு கண்ணு, கண்ணாடியைப் போட்டுக்கறேன். இவனா? இவனா இது? நான்தானே தினமும் சாப்பாடு போட்டேன். நான்தானே குளிப்பாட்டி விட்டேன். இந்தக் கழுத்தைத் தேச்சுத் தேச்சுக் கழுவியிருக்கேனே. இந்த நீலத்தை நான் பாக்கவே இல்லையே கண்ணு. கறுப்புன்னு ஒத்தை வார்த்தையைச் சொல்லி மூடி வச்சுட்டோமே எல்லாரும்.

— அழாதீங்கக்கா. தம்பி, நம்ம ஞாயித்துக்கிழமை கும்பலுக்கு அனுப்பு. காப்பகத்தோட ஃபேஸ்புக் பக்கத்துலயும் போடு. எதையும் தொடாத. எடுத்தது எடுத்தபடி.

— அனுப்பியாச்சு. ஒண்ணும் தொடல. அவன் இன்னும் வெயில்லயே நிக்கறான் பாருங்க. இப்ப படுத்துக்கிட்டான். வயித்தைக் காட்டிக்கிட்டு! டேய், நீ குரைக்காத நாய்தானே, இந்தக் கொறட்டை மட்டும் எங்க கத்துக்கிட்ட?

— அக்கா, உங்க ஃபோன் அடிக்குது.

— யாருன்னு தெரியல, எழுத்து சின்னதா இருக்கு. ஹலோ? ஆமா, காப்பகம்தான். அட, நீங்களா? வணக்கம் டாக்டர். ஆமா, இப்பத்தான் எடுத்தாங்க. என்னது? எந்த ஊர்ல இருந்து வந்த நாயா? என்ன டாக்டர், போன வாரம் நீங்க சேத்துல பொரண்டீங்களே, அதே நாய்தான்! ஆமா. அதேதான். சத்தியமா ஒண்ணும் மாத்தலயாம். ஹலோ? டாக்டர், இருக்கீங்களா?

— என்னக்கா, வச்சுட்டாரா?

— இரு கண்ணு. சொல்லுங்க டாக்டர். ம். ம். நேர்ல இதைவிட நல்லா இருக்கான், வந்து பாருங்க. இப்பவேவா? சரி. வாங்க, வாங்க. கேட்டைத் தொறந்து வைக்கிறேன்.

— என்ன சொன்னார்?

— ஒருத்தரை நாற்காலியில வாயைத் தொறக்க வச்சு, அப்படியே விட்டுட்டுப் பேசறார். அந்த ஆளுக்குப் பல்லைப் பிடுங்கி முடிச்ச கையோட கிளம்பி வர்றாராம். கழுத்துப் பட்டை கையில எடுத்துட்டு வர்றாராம். அவர் வீட்டுக் கெழட்டு நாய் போனதுல இருந்து அந்தப் பட்டை ஆணியிலயே தொங்குதாம் கண்ணு. ‘ரெண்டு மணி நேரம் அவன் முன்னாடி படுத்துக் கெடந்தேன், நான் அவனைப் பாக்கவே இல்லையே’ன்னு பெரிய மனுஷன் புலம்பறார். நான் போய் கேட்டுகிட்ட நிக்கறேன். வண்டிக்காரன்கிட்டயும் சொல்லணும், நாளைக்கு இங்க ஏத்த நாய் இல்லன்னு.

— அண்ணி! ஜெயிச்சுட்டீங்க! என்ன கை இது, குடுங்க ஒரு தரம். இந்தப் படத்தைப் பெருசாப் போட்டு நம்ம வீட்டு ஹால்ல மாட்டறேன். உங்க கல்யாணப் படம் இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல.

— அது பக்கத்துல வேணாம் தம்பி.

— ஏன், அண்ணன் திட்டுவானா?

— உங்கண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டார். உன்னை ஒண்ணு கேக்கட்டா? அந்தப் படத்துல உங்கண்ணன் பக்கத்துல ஒரு பொண்ணு நிக்கிறாளே, அவ யாரு?

— என்ன கேள்வி இது? நீங்கதான்.

— இதோ என் கை. அவ கையை யோசிச்சுப் பாத்துச் சொல்லு.

— அவ கை வெள்ளையா இருக்கு அண்ணி.

— ஸ்டுடியோக்காரன் யார் சொல்லிச் செஞ்சானோ, நான் கேக்கல. படம் வந்த அன்னிக்கி எங்க அம்மா வாங்கிப் பாத்துட்டு, ‘மாப்பிள்ளை நல்லா விழுந்திருக்கார், நீ எங்கடி?’ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

— நான் தினமும் அதைத் தாண்டித்தான் போறேன். எனக்குத் தோணவே இல்லையே. அதுக்கப்புறம் எடுத்த படத்துல எல்லாம் நீங்க... இருங்க. பிறந்தநாள் படம், கடற்கரைக்குப் போனோமே அந்தப் படம்...

— தேடாத, இருக்க மாட்டேன். யாராவது கேமராவை எடுத்தாலே, ‘குடுங்க, நான் எடுக்கறேன்’னு முந்திக்குவேன். அப்படித்தான் எனக்குப் படம் எடுக்கவே வந்தது.

— நாய் மேல இருக்கிற ஆசையிலன்னு நெனச்சேன்.

— நாய் பிடிக்கும் தம்பி. நாய் எதுவும் ‘நீங்களும் வந்து நில்லுங்க’ன்னு கேக்காது, அதனாலயும் பிடிக்கும்.

— வெயில் எறங்கப் போகுது அண்ணி.

— தெரியுது. இந்தா, கேமராவைப் பிடி. நகருடா தூங்குமூஞ்சி, எனக்கும் கொஞ்சம் எடம் விடு. ம். எடு தம்பி. எதையும் மாத்தாத. இந்த வெளிச்சத்துல நான் எப்படி இருப்பேன்னு எனக்கே இன்னும் தெரியாது.