டி.சி. குடுக்காதீங்க மேடம்

எழுதிக் குடுத்த பேச்சை மடிச்சுப் பாக்கெட்ல வச்சுட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கோவிச்சுக்கக் கூடாது. அதுல பாதி வார்த்தை என் வாயில நுழையல. பத்தாவதை மூணு தடவை எழுதினவனைப் பெற்றோர் சங்கத் தலைவராப் போட்டா இப்படித்தான் ஆகும். ஒரே ஒரு கதை சொல்லிட்டு இறங்கிடறேன். சின்னக் கதைதான்... ஆனா நினைச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

வேற ஊரு. தவமணின்னு ஒருத்தர், ஏ.சி. மெக்கானிக். சம்சாரம் சாருலதா. ஒத்து வரல, பிரிஞ்சிட்டாங்க. ஏன் பிரிஞ்சாங்க? அது நமக்கெதுக்கு? மக சுடர்க்கொடி, மூணாவது போகணும். வாரமெல்லாம் அம்மாகிட்ட, ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட. அப்படியே ஓடிட்டிருந்துச்சு. அந்தம்மாவுக்கு ஓசூர்ல நல்ல வேலை கெடைச்சுது. புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்னாங்க.

நம்மாளு என்ன பண்ணாரு? நேரா ஸ்கூலுக்குப் போனாரு. "டி.சி. குடுக்காதீங்க மேடம். அது இல்லாம எங்க சேர்க்கிறான்னு பாத்துடறேன்."

அந்தம்மா சும்மா இருந்தாங்களா? "அப்படியா சேதி? டி.சி. வர்ற வரைக்கும் எம்பொண்ணு அந்த ஸ்கூல் வாசலை மிதிக்க மாட்டா." சொல்லிட்டு, புள்ளையத் தங்கச்சி வீட்ல விட்டுட்டு, ஓசூர்ல போய் வேலையில சேர்ந்துட்டாங்க.

ஜூன் போச்சு... ஜூலை போச்சு. புள்ளை எங்க இருக்கு? அப்பாகிட்டயா? இல்ல. அம்மாகிட்டயா? இல்ல. ஸ்கூல்லயாவது...? இல்ல. சித்தி வீட்ல டி.வி. முன்னாடி இருக்கு. கேட்டா ரெண்டு பேரும் சொல்றாங்க, "எல்லாம் அவளுக்காகத்தான்."

சொந்தக்காரங்க? அவங்களுக்குத் திருவிழா. இந்தப் பக்கம், "விடாத மாப்ள, இப்ப விட்டா தோத்துருவ." அந்தப் பக்கம், "இறங்கிப் போகாதடி. அப்புறம் ஏறி மிதிப்பான்."

கடைசியில ஸ்கூல் மேடமே ரெண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. சித்தி புள்ளையக் கூட்டிட்டு வந்தாங்க. எப்படி வந்துச்சு தெரியுமா? மேல நீலக் கட்டம் போட்ட சட்டை... பழைய ஸ்கூலுக்கு அப்பா எடுத்துக் குடுத்தது. கீழ மெரூன் பாவாடை... ஓசூர் ஸ்கூலுக்கு அம்மா வாங்கி வச்சது.

"என்னடி கோலம் இது?"ன்னாங்க அம்மா.

"மாத்தச் சொன்னா அழுவுறாக்கா"ன்னாங்க சித்தி.

புள்ளை சொல்லுது, "சட்டையும் பாவாடையும் அப்பாவோடதா இருந்தா அம்மா கோவிப்பீங்க. அம்மாவோடதா இருந்தா அப்பா கோவிப்பாரு. இப்ப ரெண்டு பேரும் திட்ட மாட்டீங்கள்ல?" அப்புறம் திரும்பி, "மேடம், எந்த ஸ்கூலா இருந்தாலும் சரி... எனக்கு லீவு போதும்."

லீவு போதுமாம். எட்டு வயசுப் புள்ளை கேக்குது.

தவமணி தலையக் குனிஞ்சுக்கிட்டே, "டி.சி. எழுதிருங்க மேடம்"னாரு. அந்தம்மா அவரைப் பாக்காம சுவத்தப் பாத்துச் சொன்னாங்க, "ஒரு வாரம் ஞாயித்துக்கிழமை நான் இங்க கூட்டியாறேன். மறு வாரம் நீங்க ஓசூர் வந்து பாத்துக்கங்க."

சாயங்காலம் டீக்கடையில என்ன பேச்சு? "தவமணி தோத்துட்டான்யா."

எதுலய்யா தோத்தான்? அந்தம்மா எதுல ஜெயிச்சாங்க? ரெண்டு மாசம் அந்தப் புள்ளை வகுப்புல இல்ல. அதை எந்த மாப்ள, எந்த மச்சான் ஜெயிச்சுக் கொண்டாந்து குடுப்பான்?

இங்க பிரிஞ்சவங்க இருக்கலாம், நாளைக்குப் பிரியப் போறவங்களும் இருக்கலாம். எங்க வீட்லயே வாரத்துக்கு ரெண்டு தடவை பிரியறோம், சோறு வெந்ததும் சேர்ந்துடறோம். அது வேற. நான் சொல்றது இதுதான். சண்டை போடுங்க. கோர்ட்டுக்குப் போங்க. புள்ளை எந்த ஊர்ல இருக்கணும்னு ஜட்ஜ் சொல்லட்டும். ஆனா அவரு சொல்ற வரைக்கும் புள்ளையப் பிடிச்சு நிறுத்தி வைக்காதீங்க. உங்க பிடிவாதத்துக்குப் புள்ளை அடமானம் இல்ல.

எவனாவது காதுல வந்து "விடாத"ன்னு ஓதினா, அவனை ஒண்ணே ஒண்ணு கேளுங்க. "உம்புள்ளை இப்ப எங்கய்யா?"

ஸ்கூல்ல இருக்கும்.