‘சும்னே’ தமிழ் இல்லையாம்

பெங்களூரில், சிவாஜிநகரில் கிளம்பிய தொம்மலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். கிடார் பையை மடியில் வைத்திருந்த பெண் சொன்னாள்:

“டேய், ‘சும்னே’ தமிழ் இல்லையாம்டா.”

“யார் சொன்னது?”

“நம்ம மூணாவது ஆல்பம் கேட்டுட்டு சென்னைல கச்சேரி நடத்தறவங்க ஒருத்தங்க மெயில் போட்டிருக்காங்க. ‘சும்னே இரு, சும்னே இரு’ன்னு பாடறீங்களே, அப்படின்னா என்னன்னு கேக்கறாங்க.”

“சும்மா இருன்னு அர்த்தம். இது கூடவா தெரியாது?”

“அது கன்னடம்டா. எழுதும்போது எனக்கே தெரியல. எங்கம்மா அப்படித்தான் திட்டுவாங்க.”

அவன் டிரம்ஸ் குச்சியால் முன் சீட்டுக் கம்பியைத் தட்டிக்கொண்டே பேசினான்.

“முதல் ஆல்பம் இங்கிலீஷ்ல பாடினோம். காலேஜ் பசங்களோட சரி. ரெண்டாவதுல வார்த்தைக்கு வார்த்தை அகராதி பாத்து தமிழ்ல எழுதின. நியூஸ் வாசிக்கற மாதிரி இருந்துச்சு. ஒருத்தர் மெயில் போடல.”

“அடுத்த மாசம் அங்க வந்து வாசிக்கச் சொல்றாங்க. அதுக்குள்ள வார்த்தைய மாத்திடலாமா?”

“வேற என்ன எழுதியிருக்காங்க?”

அவள் போனைப் பார்த்தாள். “அர்த்தம் தெரியாமலே ரெண்டு நாளா வீட்ல எல்லாரும் பாடிட்டிருக்காங்களாம்.”

அவன் சிரித்தபடி அந்தப் பாட்டின் தாளத்தையே கம்பியில் பலமாகத் தட்ட ஆரம்பித்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா காய்கறிப் பையோடு திரும்பினார்.

“யப்பா, தலை வலிக்குது. கொஞ்ச நேரம் சும்னே இருப்பா!”

குச்சி நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தமிழ்தான்டா,” என்றாள் அவள். “மாத்த வேணாம்.”