இருபத்திரண்டாம் எண் கவுன்

உங்கள் சட்டையில் இரண்டாவது பொத்தான் தொங்குகிறது, ஐயா. ஊசி நூல் இருந்தால் பேசிக்கொண்டே தைத்துவிடுவேன். கொடுக்கமாட்டீர்கள், தெரியும். பதினாறு வருஷமாகத் தையல்காரி. கண் அங்கேயே போகிறது, அதற்காகச் சொன்னேன்.

அரண்மனைத் தையலறைக்கு நான் வந்தது என் கைத்திறனால். யாரையும் காக்கா பிடித்து வரவில்லை. இளவரசருக்குப் பெண் தேர்வு என்று அறிவித்து முப்பது பேரைப் பொறுக்கியபோது என் தங்கைக்கு ஒன்பதாம் எண் விழுந்தது. அன்றே வண்டி வந்து எங்கள் அம்மாவைச் சாயப்பட்டறைக் குடியிருப்பிலிருந்து மேட்டுத் தெருவுக்குக் கூட்டிப்போனது. பெண் போட்டியில் இருக்கும்வரை வீட்டாருக்கு அங்கே வீடு, டாக்டர், மருந்து. வெளியேறினால் அன்று சாயங்காலமே பழைய இடம். அம்மாவின் நெஞ்சு சாயப் புகையில் பாதி வெந்துபோனது. திரும்பிப் போனால் ஒரு மாதம் தாங்கமாட்டாள் என்று டாக்டரே சொன்னார். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

தையலறைக்காரர்கள் பெண்களைப் பார்ப்பதில்லை. கவுன்களைத்தான் பார்ப்போம். எல்லாருக்கும் ஒரே வெள்ளைத் துணி, ஒரே வெட்டு, கழுத்துப் பட்டியின் உள்பக்கம் அவரவர் எண். முதல் நாள் எடுத்த அளவுதான் கடைசிவரைக்கும். வாரம் ஒருமுறை பார்வை நாள். அன்று முதுகில் உள்ள கொக்கிகள் பதினொன்றும் மாட்ட வேண்டும். ஒன்று மாட்டாவிட்டாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தச் சட்டத்தை நான் எழுதவில்லை.

பார்வை நாள் முடிந்ததும் கவுன்கள் துவைத்து இஸ்திரி போட என்னிடம் வரும். பக்கத் தையலில் ஒரு நூல், அரைக்கால் அங்குலம், உள்ளே பிடித்துத் தைப்பேன். ஒரு நூல்தான், ஐயா. மறுவாரம் இன்னொரு நூல். ஒன்பதைத் தவிர எல்லாவற்றிலும். நான் யாருடைய தட்டையும் பிடுங்கவில்லை. உடம்பு பெருக்கிறது என்று அவர்களாகவே சாப்பாட்டை நிறுத்தினார்கள். ஐந்து வாரத்தில் பத்தொன்பது பேர் கிளம்பிவிட்டார்கள். பதினான்காம் எண் மட்டும் வீடு போய்ச் சேரவில்லை. அவளுக்கு முன்பே இதயத்தில் ஏதாவது கோளாறு இருந்திருக்கும்.

இருபத்திரண்டு ரொட்டிக்கடைக்காரர் மகள். என் தங்கையின் உயரம், அதே தோள், அதே இடுப்பு. இளவரசர் அவளிடம் இரண்டு முறை நின்று பேசினார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுடையதில் மட்டும் ஒன்றரை நூல் பிடித்தேன். அப்படியும் அவள் போகவில்லை. வாராவாரம் கொக்கி மாட்டியது. கல்லைத் தின்றாலும் கரைக்கிற உடம்பு போலிருக்கிறது என்று எரிச்சலாக வந்தது.

ஆறாம் வாரம் உறவினர் நாள். தங்கையோடு பத்து நிமிஷம். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தாள்.

"அக்கா, அவரு எங்கிட்ட வந்து எதுவும் பெருசா பேசல. 'சாப்ட்டியா'ன்னு கேட்டாரு. அவ்ளோதான்."

"நீ என்ன சொன்ன?"

"சாப்ட்டேன்னு பொய் சொன்னேன்." சிரித்தாள். அப்புறம், "ரொட்டிக்கடைப் பொண்ணு பாவம்க்கா. கவுன் இறுக்கி முதுகெல்லாம் கன்னிப்போயிருந்துச்சு. அவ வீட்ல ஆறு பேரு," என்றாள்.

"உன் வேலையப் பாருடி," என்றேன்.

அவள் இளைத்ததைக் காதல் என்று நினைத்தேன். மனசு ஒருவன் பக்கம் போய்விட்டால் சோறு இறங்காது. எனக்கும் ஒருகாலத்தில் அப்படி இருந்திருக்கிறது. சந்தோஷமாகவே திரும்பினேன்.

ஏழாம் வாரம் இருபத்திரண்டு என் மேஜைக்கு வந்தபோது பக்கத் தையல் இரண்டு விரல் நீளம் விட்டுப்போய், யாரோ கையால் தைத்திருந்தார்கள். முடிச்சு இரண்டு சுற்று சுற்றி மடிப்புக்குள் ஒளித்திருந்தது. அந்த முடிச்சு எனக்குத் தெரியும். தங்கையை ஏழு வயதில் மடியில் உட்கார வைத்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கவுனை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ரொட்டிக்கடைக்காரி ஒன்பதைப் போட்டுக்கொண்டு வயிறாரச் சாப்பிடுகிறாள். என் தங்கை இருபத்திரண்டுக்குள் பட்டினி கிடக்கிறாள்.

அம்மாவின் மூச்சைத் தூக்கி ஊரான் வீட்டுப் பெண்ணுக்குத் தானம் கொடுத்திருக்கிறாளே. அந்த முடிச்சைப் பிரித்தேன். இரண்டு நூல் பிடித்தேன். வலித்தால் வாய் திறப்பாள், தன்னுடையதைத் திருப்பிக் கேட்பாள் என்றுதான். அவள் கேட்கவில்லை. எட்டாம் வாரம் இன்னும் இரண்டு பிடித்தேன். சின்ன வயதிலிருந்தே பிடிவாதக்காரி.

ஒன்பதாம் வாரப் பார்வை நாளில் படியில் விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. கொக்கி பதினொன்றும் மாட்டியிருந்ததாக உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது.

இளவரசர் ஆறாம் வாரமே ஒன்பதாம் எண்தான் என்று சொல்லிவிட்டாராம், கடைசி வாரம்வரை வெளியே சொல்லக்கூடாது என்று வைத்திருந்தார்களாம். இதை எதற்கு எனக்குச் சொன்னீர்கள்? சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அம்மாவை இன்று சாயங்காலம் இறக்கிவிடப்போவதாகச் சொன்னார்கள். என் தங்கை வெளியேற்றப்படவில்லை, செத்துத்தான் போனாள். சட்டத்தில் அதற்கு ஏதாவது இடம் இருக்கிறதா பாருங்கள். உங்கள் காலைப் பிடிக்கிறேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். இருபத்திரண்டுக்குள் இருப்பது தங்கை என்று தெரிந்த பிறகு, அதை விட்டுவிட்டு ஒன்பதைப் பிடித்திருக்கலாமே என்று. கேள்வியே எனக்குப் புரியவில்லை. ஒன்பது என் தங்கச்சியோட கவுன், ஐயா. அதில் நான் எப்படிக் கை வைப்பேன்?