அச்சடித்தே வரும் வரி

மேடையில் இருக்கும் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, மறைந்த நம் டாக்டரின் கணவர் அவர்களே, வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் சக ஊழியர்களே, வணக்கம். எனக்கு மேடைப்பேச்சு வராது. ஸ்கேன் எடுக்கத்தான் வரும்.

எங்கள் குழந்தை இதய ஸ்கேன் பிரிவின் தலைவரை 'இன்னொரு தடவை டாக்டர்' என்போம், முதுகுக்குப் பின்னால். அவருக்கும் தெரியும். "பேர் வச்சவனை வரச் சொல்லு, சரியா வச்சிருக்கான்" என்றார் ஒருமுறை. வைத்தவன் நான்தான்.

ஏன் வைத்தேன்? நாற்பது நாள் குழந்தை. மூச்சு விடும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். மூன்று இடங்களில் சளி என்று மருந்து கொடுத்திருந்தார்கள். குழந்தை வீறிட்டது, வெளியே வரிசை நின்றது. இதய அறைகளைப் பார்த்தேன், சரியாக இருந்தன. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்க்கு, 'மகாதமனி வளைவு: இயல்பு' என்ற வரி நம் படிவத்தில் அச்சடித்தே வருகிறது. அப்படியே விட்டு அறிக்கையைக் கொடுத்தனுப்பினேன்.

டாக்டர் நகலைப் பார்த்தார். "வளைவை நீ பாத்தியா தம்பி, இல்ல ஃபாரம் பாத்துச்சா?"

நான் வாய் திறப்பதற்குள் மாடிப்படி இறங்கிவிட்டார். பேருந்து ஏறப்போன தாயைக் கையோடு அழைத்து வந்தார். ஜெல்லைத் தன் உள்ளங்கையில் சூடாக்கினார். குழந்தை பால் குடித்துக் கண்ணயரும் வரை காத்திருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கழுத்துக் குழியில் கருவியை வைத்து மெல்லச் சாய்த்தார். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வளைவுகள்! மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் சேர்த்து நெரிக்கும் வளையம். "இப்ப நீ இன்னொரு தடவை பாரு" என்று கருவியை என் கையில் கொடுத்தார்.

சி.டி.யும் அதையே சொன்னது. அறுவை சிகிச்சையில் சிறிய வளைவைத் துண்டித்தார்கள். சத்தம் அடங்க மாதங்கள் ஆயின. அந்தப் பிள்ளைதான் இதோ, மூன்றாம் வரிசையில் செருப்பைக் கழற்றி நாற்காலியை அடித்துக்கொண்டிருக்கிறது.

அந்த வரியை எடுக்கச் சொல்லி டாக்டர் ஐந்து கடிதங்கள் எழுதினார். எடுத்தோமா? அவர் படத்துக்குப் பூ வைத்திருக்கிறோம். வரி அங்கேயேதான் இருக்கிறது! ஐயா, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இன்று காலை எங்கள் அறையிலிருந்த படிவங்களில் எல்லாம் அந்த 'இயல்பு' என்ற சொல்லை மையால் அடித்துவிட்டேன். விளக்கம் கேட்டால் எழுதித் தருகிறேன். இனி வளைவைக் கண்ணால் பார்க்காமல் அந்த இடத்தை நிரப்ப மாட்டேன். வரிசை நிற்கட்டும்.

டாக்டர், எல்லாம் அடித்து முடித்ததும் படிவங்களைக் கட்டாகக் கட்டி வைத்தேன். மனசு கேட்கவில்லை. பிரித்து இன்னொரு தடவை பார்த்தேன்.

ஒன்று விட்டுப்போயிருந்தது.