ஸ்கீவ தமிழரின் பிரக்கிராசி

கோப்பி நன்றாக இருக்கிறது. மொழிபெயர்க்க வந்திருக்கும் துஷாராவுக்கும் ஒன்று கொடுங்கள். பிள்ளைக்கு இன்று வேறு வேலை இருக்காது. பொலிஸ்காரர் உங்களோடு நான் டேனிஷிலேயே பேசுவேன். இவளுடைய தகப்பன் இந்த ஸ்கீவ நகரத்துக்கு வந்த புதிதில் அவருக்கு வந்த கடிதங்களை வாசித்துச் சொன்னவனே நான்தான்.

பெயர் தேவராசா. வயது அறுபத்தொன்பது. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் பிரக்கிராசியைக் காணாமல் அப்புக்காத்திடம் போக முடியாது. பிரக்கிராசி விசயத்தைக் கேட்டு, கடுதாசிகளை அடுக்கிக் கொடுத்தால்தான் அப்புக்காத்து நீதிமன்றத்தில் எழும்புவார். டென்மார்க்கில் இரண்டும் ஒரே ஆள். எவரும் நேரே போய் வழக்கறிஞரின் கதவைத் தட்டலாம். ஆனாலும் எங்கள் சனம் முப்பத்தெட்டு வருடமாக முதலில் என் குசினி மேசைக்குத்தான் வந்தது. அதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

நிறோஷினி கலியாணம் முடித்து இங்கே வந்தவள். கணவன் ஜதுர்சன் கை நீட்டுகிறவன். போன வருடம் அவளுடைய மணிக்கட்டை முறித்தான். நாலு வயது மகள் சாரங்காவைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். கணவனைப் பிரிந்தால் வதிவிட அனுமதியும் போய்விடும். அடிபட்டதற்கு வைத்தியசாலைக் கடிதம் காட்டினால் தங்குவதற்கு வழி உண்டு. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவள் கேட்கவில்லை. ஒரு பிறந்தநாள் விழாவில், றோல்ஸ் தட்டோடு நின்றபடி, "நீங்கள் ஏன் கரைச்சல்படுவான் அண்ணை? நான் வழக்கறிஞரோடை நேரை கதைச்சிட்டன். இங்கிலீசிலை வடிவா விளங்கப்படுத்தினவர்" என்றாள்.

பக்கத்தில் நின்ற புஷ்பராணி, "அப்ப இனி நாங்களும் நேரை போகலாம் எண்டிறீர்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று சாப்பிடாமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

இங்கே வந்த புதிதில், எல்லாரையும் போல அவளும் தன் மிட்ஐடியை என் கைப்பேசியில்தான் போட்டிருந்தாள். அது இருந்தால் அவளுக்கு இணையத்தில் வரும் கடிதங்களைத் திறக்கலாம், அவள் பெயரில் பதிலும் எழுதலாம். நேரே போனவளுக்கு வழக்கறிஞரின் கடிதமும் நேரே வந்தது. இரண்டு கிழமைக்குள் கையெழுத்தும் வைத்தியசாலைக் கடிதமும் வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் மரியாதையாகப் பதில் எழுதினேன்: மனதை மாற்றிக்கொண்டேன், நாடு திரும்புகிறேன், என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம். பிறகு இரண்டையும் அழித்தேன். ஒரு எழுத்துப் பிழை இருக்காது, நீங்களே பார்த்திருப்பீர்கள்.

தவணை நெருங்கப் பதறிக்கொண்டு என்னிடம் வருவாள், ஒரே நாளில் சரிக்கட்டிக் கொடுப்பேன் என்றுதான் நினைத்தேன். அவள் பெயர் எழுதி ஒரு கோப்புக்கூட வைத்திருந்தேன். அவளோ, வழக்கறிஞர் பார்த்துக்கொள்கிறார் என்று நிம்மதியாக இருந்தாள். வதிவிட அனுமதி இல்லை என்று குடிவரவுத் திணைக்களத்தின் மறுப்புக் கடிதம் வந்தது. மேன்முறையீட்டுத் தவணை முடியும்வரை அதை அவள் கண்ணில் படாமல் வைத்தேன். அதற்குள் அவள் வழக்கறிஞரிடம் ஓடியிருந்தால் என் பதில் வெளியே வந்திருக்கும் அல்லவா. நானும் குடும்பமும் மானமும் உள்ளவன்.

பிறகு, மறுப்பு வந்து தவணையும் முடிந்துவிட்டது என்று நானே போய்ச் சொன்னேன். "அந்த மனுசன் என்னைக் கைவிட்டிட்டார் அண்ணை. உங்களை விட்டிட்டுப் போனது என்ரை பிழை" என்று என் கையைப் பிடித்து அழுதாள். எனக்கு அது போதும். அதற்கு மேல் அவளுக்கு ஒரு கெடுதலும் நினைக்கவில்லை.

விமான நிலையத்துக்கு நானே காரில் கொண்டுபோய் விட்டேன். சாரங்காவைக் கூட்டிப்போகத் தகப்பன் சம்மதிக்கவில்லை. பிள்ளை இப்போது அவனோடுதான் இருக்கிறாள். யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்த நிறோஷினி, ஏன் கைவிட்டீர் என்று ஏசித் தீர்க்க அந்த வழக்கறிஞருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள்; என் பதில் அப்படித்தான் வெளியே வந்தது. அப்போதும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாருங்கள். நேரேதான் எடுத்திருக்கிறாள்.

நீங்கள் எழுதிய என் வாக்குமூலத்தைத் துஷாரா எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து என்கிறீர்கள். வேண்டாம். தாளை இங்கே தாருங்கள், நானே வாசிக்கிறேன். பிள்ளையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இடையில் ஒருவர் நின்றால், உள்ளதை உள்ளபடி சொல்வார் என்று என்ன நிச்சயம்?